ஹயரா, ஃபவுண்டேஷனா: பெற்றோர் பயப்படுவதும் பயப்பட வேண்டியதும்

இங்கிலாந்தில் ஆண்டு 11 முடிவில் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்ஈ பொதுப் பரீட்சையில் கணிதத்துக்கு ஹயர் என்ற கடினமான நிலையும் ஃபவுண்டேஷன் என்ற எளிய நிலையும் உண்டு. அதற்கு முந்தைய வருடமான ஆண்டு 10இன் பெற்றோர் சந்திப்பில் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "ஏன் ரீச்சர், பிள்ளையை ஃபவுண்டேஷனுக்குப் போட்டிருக்கிறீங்கள்?" பிள்ளை ஏற்கெனவே பெயிலாகிவிட்டது போலத்தான் கேட்பார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2007 வரை இங்கிலாந்தின் ஜிசிஎஸ்ஈ கணிதத்தில் மூன்று நிலைகள் இருந்தன. அன்றைய ஃபவுண்டேஷனில் முழுப் புள்ளி எடுத்தாலும் டி தரம்தான் கிடைக்கும். எல்லோரும் கேட்டதோ அதற்கு மேலான சி. அந்தக் காலத்தில் லண்டனில் படித்த மாமாவும் சித்தியும் இன்னும் அதை வைத்துத்தான் அறிவுரை சொல்கிறார்கள். 2008இல் நிலைகள் இரண்டாகின. 2017இல் எழுத்துகள் போய் 9 முதல் 1 வரை எண்கள் வந்தன, 9தான் உச்சம். இப்போது ஃபவுண்டேஷனில் 5 வரை எடுக்கலாம். 4 எடுத்தால் சாதாரண பாஸ், 5 எடுத்தால் பலமான பாஸ். ஃபவுண்டேஷனில் எடுத்த 5க்கும் ஹயரில் எடுத்த 5க்கும் பெறுமதி ஒன்றுதான்.

அடுத்து வருவது இணையத்தில் படித்த வாதம். "ஹயரில் 4 எடுக்க 18 வீதம் போதுமாமே, ஃபவுண்டேஷனில் பாதிக்கு மேல் வேண்டுமாமே?" 2017இல் எடெக்ஸல் என்ற பரீட்சை வாரியத்தின் ஹயர் தாளில் 4க்கான எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். உண்மைதான். ஆனால் அந்த 18 வீதம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். ஹயர் தாளின் முதல் சில பக்கங்கள்தான் 4, 5 மட்டத்துப் பிள்ளைக்குரியவை. அதற்குப் பிறகு வட்டத் தேற்றங்கள், சேடுகள் (surds), சைன் விதி, காவி (vector) நிறுவல். ஒன்றரை மணித்தியாலத் தாள் மூன்று. பாதி நேரம் பிள்ளை விளங்காத கேள்விகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முன்பக்கக் கேள்விகளில் கொஞ்சம் வழுக்கினால் 3. அதற்கும் கீழே போனால் யூ, அதாவது தரமே இல்லை. ஃபவுண்டேஷனில் அப்படி ஒரேயடியாக விழுவது அரிது. 3க்குக் கீழே 2உம் 1உம் இருக்கின்றன.

பரீட்சை நாளை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள். ஹயர் வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தப் பாடத்திட்டம் முழுவதையும் ஓடியே ஆக வேண்டும். வீதமும் விகிதமும் இன்னும் உறுதியாகாத பிள்ளைக்கு அங்கே நின்று திரும்பச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்காது. ரியூஷனும் அதே வேகத்தில் ஓடினால் இரண்டு இடத்திலும் ஓட்டைதான் மிஞ்சும்.

சரி, யார் ஹயரில் இருக்க வேண்டும்? ஜிசிஎஸ்ஈக்கு அடுத்த படியான ஏ லெவலில் கணிதம் எடுக்க நினைக்கிற பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும். ஏ லெவல் நடத்தும் பெரும்பாலான சிக்ஸ்த் ஃபார்ம்கள் அதற்கு 6 அல்லது 7 கேட்கும், ஃபவுண்டேஷனில் அது கிடைக்கவே கிடைக்காது. ஆகவே முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். அடுத்த படியில் கணிதம் வேண்டாம், 4க்கும் 5க்கும் இடையில் ஆடுகிறது என்றால், நான் ஃபவுண்டேஷன் என்றுதான் சொல்வேன்.

சந்தேகம் என்றால் நான் செய்வது இது. இரண்டு நிலைத் தாள்களிலும் பொதுவாக வரும் கேள்விகள் உண்டு. ஃபவுண்டேஷனின் பின்பகுதியும் ஹயரின் முன்பகுதியும் அங்கேதான் சந்திக்கின்றன. பழைய தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்யவிட்டு, அந்தக் கேள்விகளை மட்டும் தனியாகப் பார்ப்பேன். அவற்றில் பெரும்பாலானவை சரி, புள்ளி போனது கவனக்குறைவால் என்றால் ஹயர் தாங்கும். எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் வெற்றிடமாக விட்டிருந்தால் தாங்காது. மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

கணிதத்தில் மூன்று தாளும் ஒரே நிலையில்தான் எழுதலாம், கலக்க முடியாது. மூன்று விஞ்ஞானங்களையும் சேர்த்து இரட்டைத் தரம் தரும் கம்பைண்ட் சயன்ஸிலும் ஆறு தாளும் ஒரே நிலை, ஃபவுண்டேஷனில் உச்சம் 5-5. உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்று தனித்தனியாக எடுக்கும் பிள்ளைக்கு மட்டும் பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். மருத்துவக் கனவுள்ள வீடுகள் கணிதத்தைப் பற்றியே சண்டை போட்டுவிட்டு விஞ்ஞானத்தில் எந்த நிலை என்று கேட்க மறந்துவிடுவதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் இந்தப் பிரிவே இல்லை.

பள்ளிகள் கோடைப் பரீட்சைக்கான பதிவைப் பெப்ரவரி 21க்குள் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் சில வாரங்கள் நிலையை மாற்றலாம். ஆனாலும் ஆண்டு 11 மொக் (மாதிரிப் பரீட்சை) பெறுபேறு வந்த உடனேயே பேசுங்கள். "ஏன் போட்டீங்கள்" என்று கேட்பதை விட "எந்தப் பகுதிகளில் புள்ளி போகிறது, அது சரியானால் மாற்றுவீங்களா" என்று கேட்டால் ஆசிரியரிடமிருந்து உருப்படியான பதில் வரும்.

4 வராவிட்டால் 16 வயதுக்குப் பிறகும் கணிதத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும். நவம்பரிலோ அடுத்த கோடையிலோ திரும்ப எழுதும்போது முதலில் எழுதிய நிலையிலேயே எழுத வேண்டும் என்றில்லை. ஹயரில் 3 எடுத்த பிள்ளை ஃபவுண்டேஷனுக்கு மாறி எழுதலாம்.