லாக் கோப்பில் கிடந்த சிவிவி

பணப் பரிவர்த்தனை அமைப்புகளின் பாதுகாப்பைத் தணிக்கை செய்வது என் தொழில். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "வாடிக்கையாளரின் கார்டு எண் உங்களிடம் எங்கெல்லாம் இருக்கிறது?" என்பதுதான். உடனே டேட்டாபேஸைத் திறந்து காட்டி, எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஓட்டை வேறெங்கோ இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையவழி விற்பனை நிறுவனம் ஒன்றின் லாக் கோப்புகளில், அதாவது சர்வரில் நடப்பவை தானாகப் பதிவாகும் கோப்புகளில், பதினாறு இலக்க எண்களைத் தேடினேன். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் லூன் என்ற கணக்கின்படி மற்ற இலக்கங்களிலிருந்தே பெறப்படுவதால், அந்தக் கணக்கில் தேறாத எண்களைக் கழித்துவிடலாம். அப்படிக் கழித்த பிறகும் ஒரு கோப்பில் வரிவரியாகக் கார்டு எண், காலாவதி மாதம், பக்கத்திலேயே சிவிவி என்ற ரகசிய எண் என்று நின்றன. பணம் செலுத்தும் பக்கத்தில் வந்த பிழை ஒன்றைப் பிடிப்பதற்காக, சர்வருக்கு வருவதையெல்லாம் லாகில் பதியும்படி ஒரு பொறியாளர் ஓர் இரவு மாற்றியிருக்கிறார். பிழை சரியானது, அந்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தக் கோப்பு தினமும் பேக்கப்புக்குப் போயிருக்கிறது; பேக்கப்பைத் திறக்கும் அனுமதி வெளி ஒப்பந்த ஊழியர்களுக்கும் இருந்தது.

பரிவர்த்தனைக்கு வங்கி ஒப்புதல் தந்த பிறகு, கடைக்காரர் சிவிவியை மறையாக்கம் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்கிறது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுத் துறையின் தரநிலை. இந்திய ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி மேலே போய், 2022 அக்டோபர் 1 முதல் கார்டு வழங்கிய வங்கியையும் விசா, ரூபே போன்ற கார்டு வலையமைப்புகளையும் தவிர வேறு யாரும் முழு கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்று ஆக்கியது. இப்போது நீங்கள் ஒரு செயலியில் கார்டைச் சேமித்தால், கடைசி நான்கு இலக்கங்களோடு, கார்டு எண்ணுக்குப் பதிலாக நிற்கும் டோக்கன் என்ற மாற்றுக் குறியீடுதான் அங்கே தங்குகிறது. அந்த டோக்கன் அந்தக் கடைக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், திருடியவர் அதை வேறு கடையில் பயன்படுத்த முடியாது. மிக நல்ல ஏற்பாடு இது. ஆனால் பழைய பேக்கப்பிலும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் எக்செல் தாளிலும், அழைப்புப் பதிவுகளிலும் ஏற்கெனவே கிடப்பவற்றை இந்த விதி தானாக அழித்துவிடாது.

"நாங்கள் எண்ணை வைத்திருக்கவில்லை, அதன் ஹாஷைத்தான் வைத்திருக்கிறோம்" என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு பதில். ஹாஷ் என்பது எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெறும் குறியீடு; அதிலிருந்து எண்ணை நேரடியாகத் திரும்பப் பெற முடியாது, ஆனால் ஒவ்வோர் எண்ணாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களும் கடைசி நான்கும் பக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தால், தெரியாதவை நடுவிலுள்ள ஆறு இலக்கங்கள் மட்டுமே, அதாவது பத்து லட்சம் வாய்ப்புகள். அவற்றில் லூன் கணக்கில் தேறுபவை ஒரு லட்சம். ரகசியச் சாவி சேர்க்காத சாதாரண ஹாஷாக இருந்தால், அந்த ஒரு லட்சத்தையும் சாதாரண மடிக்கணினி கண் சிமிட்டும் நேரத்தில் சோதித்து முடித்துவிடும்.

எதையும் சேமிக்காவிட்டாலும் கசிவு நேரலாம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தில் புகுத்தப்பட்ட சில வரி நிரல், வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்த கார்டு விவரங்களை அப்போதைக்கப்போதே வேறு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 2020-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது.

கசிவு தெரிந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. எத்தனை பேரின் விவரம், எந்த நாள் முதல் போனது என்பதற்கான தடயம் அதோடு போய்விடுகிறது. வலையமைப்பிலிருந்து துண்டியுங்கள், ஆனால் அணைக்காதீர்கள் என்பதே நான் தொலைபேசியில் முதலில் சொல்வது. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

வாடிக்கையாளருக்குத் தகவல் சீக்கிரம் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அபராதம் அல்ல. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலேயே கார்டில் பணம் எடுத்துவிடலாம். விவரம் கசிந்தது தெரிந்தவர் அன்றே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்திவைப்பார், சிறு தொகை கழிந்தாலும் விசாரிப்பார். மூன்றாம் தரப்பில் நேர்ந்த மீறலால் பணம் போனால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. கசிவு பற்றித் தெரியாதவர் வங்கி அனுப்பும் அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமலே அந்த மூன்று நாட்களையும் கடந்துவிடுவார்.

அந்த விற்பனை நிறுவனத்தில், திருட்டு நடந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு வாதிட்டது. பேக்கப்பை யார் யார் திறந்தார்கள் என்ற பதிவே அங்கு வைக்கப்படவில்லை. நடக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு வங்கிகளுக்குத் தெரிவித்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவானது, சிவிவியும் அதில் இருந்தது, கார்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சொல்ல வைத்தேன்.