பறக்கும் தட்டுக்குக் குரல் கொடுத்த கருவி

1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் வாஷிங்டன் நகரின் நடுவே ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. உள்ளிருந்து கோர்ட் என்ற ராட்சத ரோபோ வந்து நிற்கிறது. அது பேசுவதே இல்லை. ஆனாலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால், பாதிக் காரணம் பின்னணியில் வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும் அந்த 'ஊ...'தான். காற்றா, அழுகையா, பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒலி.

தெரமின் என்ற கருவியில் எழுந்த ஒலி அது. கையால் தொடாமலே வாசிப்பார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்தில் இரண்டு தெரமின்களைப் பயன்படுத்தினார்.

கருவியைச் செய்தவர் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மென். 1920 வாக்கில் அவர் பெத்ரோகிராது ஆய்வகத்தில் வாயுக்களின் மின்பண்புகளை அளந்துகொண்டிருந்தார். கையை அருகில் கொண்டுபோனால் அந்த அளவுக் கருவியின் சத்தம் ஏறி இறங்கியது. வேறொருவராக இருந்தால் 'அளவு தப்பாகிறதே' என்று சலித்துக்கொண்டிருப்பார். தெர்மென் செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர், விடவில்லை. அந்தச் சத்தத்தையே இசைக்கருவி ஆக்கிவிட்டார்.

தெரமின் பெட்டிக்குள் இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது சீரான மின் அதிர்வை எழுப்பும் சுற்றுகள், இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்பவை. ஒன்று நொடிக்கு 1,70,000 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாறாது. மற்றொன்று, நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவோடு இணைந்தது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஆண்டெனாவும் கையும் சேர்ந்து, நடுவில் காற்று உள்ள ஒரு மின்தேக்கியாகிவிடுகின்றன, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பாகிவிடுகின்றன. கை நெருங்க நெருங்க அதன் கொள்ளளவு கூடும், ஆசிலேட்டரின் அதிர்வெண் குறையும்.

எவ்வளவு குறையும்? மிகக் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். இரண்டாவது 1,69,560க்கு இறங்கினால், இரண்டையும் கலக்கும்போது வித்தியாசம் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வுகள். அது காதுக்கு நன்றாகவே கேட்கும். சுருதி சேராத இரண்டு தம்புரா தந்திகளை ஒன்றாக மீட்டினால் 'வொம்... வொம்' என்று அலையடிக்குமே, அதே கணக்குதான். இங்கே அந்த அலையே சுரமாகிவிடுகிறது. இன்னும் 440 இறங்கினால் வித்தியாசம் 880, அதாவது மேல் ஸ்தாயி! ஒவ்வொரு தடவையும் மாறியது ஆயிரத்தில் இரண்டரைப் பங்குதான். கை நடுங்கினால் சுரமும் ஏன் நடுங்குகிறது என்று இப்போது புரியும்.

வலது கைக்கு வேலை இது. இடது கை, பக்கவாட்டில் உள்ள கம்பி வளையத்துக்கு மேலே நின்று சத்தத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளும். வளையத்தை நெருங்கினால் ஒலி அடங்கும்.

சரி, இதில் பயமுறுத்த என்ன இருக்கிறது? தந்தியை மீட்டினாலோ பியானோ கட்டையைத் தட்டினாலோ சுரத்துக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். யாரோ எதையோ செய்தார்கள் என்று மூளை புரிந்துகொள்ளும். தெரமினில் அந்தத் தட்டலும் இல்லை, மூச்சு வாங்கலும் இல்லை. மனிதக் குரலைப் போல வளைகிறது, ஆனால் மூச்சே விடாமல் வளைகிறது. என் கணிப்பில், ரப்பர் முகமூடிகளைவிட இதுதான் அந்தக் காலப் படங்களின் உண்மையான வேற்றுகிரகவாசி.

வாசிப்பதோ படாத பாடு. பிடித்துக்கொள்ள வீணைபோல மெட்டும் கிடையாது, ஆர்மோனியம்போலக் கட்டையும் கிடையாது. பக்கத்தில் ஒருவர் நகர்ந்தாலே சுருதி விலகிவிடும். அப்புறம், ஹாலிவுட்டில் இதை அதிகம் வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் தொழிலால் பாத மருத்துவர்!

1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானெட்' படத்திலும் தெரமின்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. லூயிஸ் பேரன், பீபி பேரன் என்ற தம்பதி தாங்களே மின்சுற்றுகள் கட்டி, அவை தாங்காமல் திணறும் அளவுக்கு ஓட்டி, எழுந்த ஒலிகளை நாடாவில் பிடித்தார்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அதை 'இசை' என்று போடவில்லை, 'மின்னணுத் தொனிகள்' என்றே போட்டார்கள்.