ஊதச் சொன்ன பெட்டிக்குள் ஒரு காடிப் பானை

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காக முதல் நாளே பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபத்தில் போய்த் தங்கியிருக்கிறார். ராத்திரி பதினொரு மணி வாக்கில் சேக்காளிகளோடு ஒரு குவார்ட்டர். அப்புறம் சாப்பாடு, தூக்கம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, ஈரோடு ஸ்டேஷனில் வந்து இறங்கும் உறவுக்காரர்களைக் கூட்டி வரக் காரை எடுத்திருக்கிறார். வழியில் வாகனத் தணிக்கை. டார்ச் அடித்த எஸ்.ஐ. "கொஞ்சம் ஊதுங்கண்ணா" என்று பெட்டியை நீட்டியிருக்கிறார். 41 என்று காட்டியது. முகூர்த்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மச்சான் அரசு மருத்துவமனையில், கார் ஸ்டேஷனில்.

"ஏனுங்க, ராத்திரி குடிச்சது விடியக்காலம் ஊதுற காத்துல எப்படிங்க வரும்? அதுவும் பல் தேச்சு, ரெண்டு ஏலக்காய் வேற மென்னுட்டுத்தான் வண்டி எடுத்திருக்காரு. மெஷின்ல கோளாறுங்கறாரு. அந்த மெஷின் எப்படித்தானுங்க வேலை செய்யுது?"

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மச்சானை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனது அதனால்தான்.

சட்டம் கேட்பது ரத்தத்தின் கணக்கு. போலீஸ்காரர் கையில் இருப்பது மூச்சு. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி, 1803இல். மூடிய பாத்திரத்தில் ஒரு திரவம், அதற்கு மேலே கொஞ்சம் காற்று. திரவத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருள் ஆவியாகி மேலே எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஒரு நிலையான விகிதம் உண்டு. வெப்பநிலை மாறாதவரை விகிதமும் மாறாது. நம் நுரையீரலின் காற்றறைகள் அப்படிப்பட்ட பாத்திரங்கள்தான். மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காற்று. 34 டிகிரி செல்சியஸில் வெளியே வரும் மூச்சுக்கு 2,100க்கு 1 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, அவ்வளவு 2,100 மில்லி மூச்சில் இருக்கும்.

பல் தேய்த்தது ஏன் உதவவில்லை என்பதற்கு இதுவே பதில். வாய் என்பது வெறும் வழி. சரக்கு வருவது ரத்தத்திலிருந்து. ஏலக்காய், கொய்யா இலை, வெற்றிலை, பச்சை வெங்காயம், நாக்குக்கு அடியில் செப்புக் காசு என்று நம் பக்கம் ஒரு பெரிய வைத்தியப் பட்டியலே இருக்கிறது. எதிரில் நிற்பவரின் மூக்கை வேண்டுமானால் ஏமாற்றலாம். கருவிக்கு மூக்கு கிடையாது.

"நிறுத்தாம ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று போலீஸ்காரர் விரட்டுவதும் காரணமாகத்தான். ஊதும்போது முதலில் வரும் சுமார் 150 மில்லி, தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் சும்மா நின்றிருந்த காற்று. அது ரத்தத்தின் பக்கமே போகாதது. ஊதலின் கடைசியில் வருவதுதான் அடிநுரையீரல் காற்று. கருவிக்குள் இருக்கும் அழுத்த உணரி சில நொடிகள் பொறுத்திருந்து, அந்தக் கடைசிக் காற்றில் ஏறத்தாழ ஒரு மில்லியை மட்டும் ஒரு குட்டி பம்பால் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இனி எனக்குப் பிடித்த இடம்.

தெளுவு தெரியாதவர்கள் நம் பக்கம் இருக்க முடியாது. வெளியூர்க்காரர்களுக்குப் பதநீர் என்றால் புரியும். பனம்பாளையைச் சீவிக் கட்டும் முட்டியில், அதாவது சிறு பானையில், சுண்ணாம்பு தடவாமல் விட்டால், சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்கிவிடும். அது கள். (1987இலிருந்து தமிழ்நாட்டில் தடை. கொங்கு விவசாயிகள் அதை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) அந்தக் கள்ளையும் நாலு நாள் திறந்து வைத்தால் என்ன ஆகும்? புளித்துக் காடியாகும். காற்றில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா, ஆல்கஹாலை ஆக்ஸிஜனோடு சேர்த்து அசெட்டிக் அமிலம் ஆக்குகிறது. கடையில் வாங்கும் வினிகரும் அதே அமிலம்தான்.

போலீஸ்காரர் நீட்டிய பெட்டிக்குள் நடப்பதும் இதே காடி வேலைதான். பாக்டீரியாவுக்குப் பதில் பிளாட்டினம். நாலு நாளுக்குப் பதில் சில நொடிகள்.

உள்ளே ஒரு சின்ன வில்லை இருக்கிறது, சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல. நுண்துளைகள் நிறைந்த அந்த வில்லை அமிலத்தில் ஊறியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்று பிளாட்டினத் தூள் பூச்சு. ஒரு பக்கத்தில் நம் மூச்சு வந்து படுகிறது. மூச்சில் இருக்கும் ஆல்கஹால் மூலக்கூறு பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் மூலக்கூறு ஒன்றையும் சேர்த்துக்கொண்டு அசெட்டிக் அமிலமாக மாறுகிறது. மாறும்போது நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளையும் கழற்றி விடுகிறது. மறு பக்கத்தில் ஆக்ஸிஜன் காத்திருக்கிறது. அதற்கு அந்த நான்கும் நான்கும் வேண்டும், தண்ணீராக மாறுவதற்கு.

பானையில் என்றால் ஆல்கஹாலும் ஆக்ஸிஜனும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கைமாற்று அங்கேயே முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் இரண்டுக்கும் நடுவே வில்லை. அமிலத்துக்குள் அயனிகள் நீந்திக் கடந்துவிடும், எலக்ட்ரான்களால் முடியாது. அவை வெளியே போட்டிருக்கும் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். கோவையிலிருந்து நாலு வழிச்சாலையில் பெருந்துறைக்குப் போகும் வண்டி விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டியே ஆக வேண்டும் அல்லவா, அது போல. அந்தக் கம்பியில் ஒரு டோல்கேட் வைத்து எத்தனை எலக்ட்ரான் போனது என்று எண்ணினால் போதும். அதை நாலால் வகுத்தால் எத்தனை ஆல்கஹால் மூலக்கூறு வந்தது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு எண்ண வேண்டியிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பில் இருப்பவரின் ஒரு லிட்டர் மூச்சில் 0.143 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். பெட்டி இழுக்கும் ஒரு மில்லியில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூலக்கூறாக எண்ணினால் சுமார் 1,900 லட்சம் கோடி. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் அந்த ஒரு மில்லி காற்றில் பதின்மூவாயிரம் மூலக்கூறுக்கு ஒன்றுதான் ஆல்கஹால். அவை கழற்றிவிடும் மின்னூட்டம் ஒன்றேகால் மில்லி கூலூம் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) கூட வராது. பத்து நொடியில் பாய்ந்தால் 120 மைக்ரோ ஆம்பியர். இதைப் பிழையில்லாமல் எண்ணித்தான் திரையில் எண்ணாகக் காட்டுகிறது அந்தக் கைப்பெட்டி. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

பெயர் என்ன என்று கேட்டால் எரிபொருள் மின்கலம், ஃபியூயல் செல். 1839இல் வில்லியம் குரோவ் செய்து காட்டியது, ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் வைத்து. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1974இல் டாம் பாரி ஜோன்ஸ் அதை மூச்சுக் கருவியாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேருமே வேல்ஸ்காரர்கள். அதற்கு முன்னால் அமெரிக்காவில் 1954இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் உருவாக்கிய கருவி வேறு வகை. பள்ளியில் பார்த்த பொட்டாசியம் டைகுரோமேட்தான். ஆல்கஹால் பட்டால் ஆரஞ்சு பச்சையாகும், எவ்வளவு மாறியது என்று ஒளியை வைத்து அளப்பார்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகள் இந்தச் சாதியில் சேராதவை. அவற்றில் இருப்பது டின் ஆக்ஸைடு உணரி. சர்க்கரை நோய் முற்றியவர்களின் மூச்சில் வரும் அசிட்டோனைக் கூட அது ஆல்கஹால் என்று எடுத்துக்கொள்ளும். பிளாட்டினக் கலம் அசிட்டோனைக் கண்டுகொள்ளாது.

ஏமாறும் இடம் இதற்கும் ஒன்று உண்டு: வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால். தசமூலாரிஷ்டம் குடித்த கையோடு, ஹோமியோபதி சொட்டு விட்ட கையோடு, சில மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினால் எண் எகிறும். கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதினால் இறங்கிவிடும். அதனால் அரிஷ்டம் குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட பெரியம்மாக்கள் பதற வேண்டாம், பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று கேட்கலாம். மச்சானுக்கு அந்த வாதம் செல்லாது. அவர் குடித்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது? குவார்ட்டர் என்றால் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் 60 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். எழுபது கிலோ ஆண் ஒருவருக்கு ரத்தத்தில் அது ஏறத்தாழ 120, 130 மில்லிகிராம் வரை ஏறும். இறக்கும் வேலை ஈரலுடையது. அதுவும் காடிதான் போடுகிறது! ஈரலின் நொதிகள் ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடு ஆக்கி, அதை அசெட்டிக் அமிலம் ஆக்குகின்றன. ஆனால் ரேஷன் கடையில் ஒரே ஆள் எடை போடுவது போலத்தான் நடக்கும். வரிசை நீளமானாலும் குட்டையானாலும் அவர் போடும் வேகம் ஒன்றுதான். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு 90. நூற்று முப்பதில் தொண்ணூறு போனால் நாற்பது. கருவி காட்டியது 41.

குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், நீராகாரத்தில் எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் எடை போடும் ஆள் அவசரப்பட மாட்டார். தூக்கம் கலையும், அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் வேகம் 10இலிருந்து 20 வரை மாறும், அதைக் குடித்தவர் தீர்மானிக்க முடியாது.

எலுமிச்சை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புது வண்டி எடுத்தால் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துகிறோம். இருக்கட்டும், எங்கள் வீட்டிலும் செய்கிறோம். ஆனால் பண்ணாரியில் பூஜை போட்ட அதே வண்டியில், கட்டிங் போட்டுவிட்டுத் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பழத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சரி, மெஷினில் கோளாறே வராதா என்றால், வரும். பிளாட்டினப் பூச்சு நாள்பட மந்தமாகும், அமிலம் காயும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை, அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசலை 34 டிகிரியில் வைத்து, அதன் மேல் நிற்கும் காற்றை ஊதவிட்டு அளவு சரிபார்க்க வேண்டும். ஹென்றியின் விதியேதான், மனிதனுக்குப் பதில் ஜாடி. ஊதுபவருக்குக் காய்ச்சல் இருந்தால் டிகிரிக்கு ஆறேழு சதவீதம் கூடக் காட்டலாம். 2,100 என்ற விகிதமும் எல்லோருக்கும் பொருந்தாது. பெரும்பாலோருக்கு அது 2,300ஐ ஒட்டி இருப்பதால், கருவி பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே சொல்லும். மச்சானுக்குச் சாதகமாகத்தான் என்று அர்த்தம். எனக்கு ஒரு குறை உண்டு. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், விழாவாகக் கொடுக்கிறோம். அளவு சரிபார்க்கும் கூடங்களுக்கும் அதற்கான ஆட்களுக்கும் காசு கேட்டால் கை சுருங்குகிறது. நாட்டுக்கே மோட்டார் பம்ப் செய்து அனுப்பும் கோவையில், இத்தனை பொறியியல் கல்லூரி இருக்கிற ஊரில், அந்தப் பொத்தான் வில்லையை நாமே செய்யும் ஆராய்ச்சிக்கு யாராவது நிதி கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கருவியை நம்பாதவர்களுக்காகத்தான் ரத்தப் பரிசோதனை. ஆய்வகத்தில் ரத்தக் குப்பியைச் சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியை எடுத்து வாயு வண்ணப்பகுப்பியில் விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும், ஆல்கஹால் எவ்வளவு என்று தனியாகத் தெரிந்துவிடும்.

மச்சானிடம் ரத்தம் எடுத்திருந்தால் அந்தக் குப்பியின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கிடந்ததை அவர் பார்த்திருக்கலாம். சோடியம் ஃபுளூரைடு. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது. நம் ஊர் வெயிலில் குப்பி நாலு நாள் கிடந்து, உள்ளே ஈஸ்ட் ஏதாவது புகுந்துவிட்டால் குப்பிக்குள்ளேயே கள் இறங்கிவிடும், குடிக்காதவன் கூடக் குடித்தவன் ஆகிவிடுவான். சர்க்கரையைத் தின்ன விடாமல் நொதியை முடக்கிப்போடுவதுதான் அந்தப் பொடியின் வேலை. காங்கேயம் பக்கம் பனை ஏறுகிற எந்தப் பெரியவரிடமும் குப்பியைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். தெளுவு முட்டிக்குள் அவர் தடவும் சுண்ணாம்பும் அதே காவலுக்குத்தான்.