பேரரசர் ஒளித்த உயிரெழுத்துகள்

போரா, சமாதானமா என்பதை அரசர் ஒருவரே முடிவு செய்த காலத்தில், அந்த முடிவை எதிரிக்குத் தெரியாமல் தூதருக்கு எப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்குப் பதில் சொல்ல, 1547 பிப்ரவரியில் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிரான்சிலிருந்த தன் தூதர் சென்-மோரிக்குச் சங்கேதக் குறிகளில் எழுதிய கடிதத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரான்சின் நான்சி நகர நூலகத்தில் இருக்கும் இது, 2022-இல்தான் படிக்கப்பட்டது.

ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்று மாற்றி எழுதினால் ரகசியம் நிற்காது. எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினாலே போதும்; ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி இதை விளக்கிவிட்டார். இந்தக் கடிதத்தின் மொழியான பிரெஞ்சில் அதிகம் வருவது ‘எ’ என்னும் உயிரெழுத்து. அது பிடிபட்டால் மற்றவை ஒவ்வொன்றாக விழும்.

சார்லஸின் எழுத்தர்கள் கைவைத்தது சரியாக அந்த இடத்தில். மெய்யெழுத்துக்கு ஓர் உருவம். அடுத்து வரும் உயிருக்குத் தனி எழுத்து இல்லை, அந்த உருவத்தோடு ஒட்டிய சிறு அடையாளம் மட்டுமே. நம் உயிர்மெய்யில் கொம்பும் கொக்கியும் போடுகிறோமே, அதே ஏற்பாடு! போதாததற்கு, ‘எ’யை அரிதாகவே எழுதினார்கள். எண்ணுபவர் முதலில் தேடும் எழுத்தே அங்கு இல்லை. சில முழுச் சொற்களுக்கு ஒற்றைக் குறி. இடையிடையே பொருளே இல்லாத வெற்றுக் குறிகள். மொத்தம் சுமார் 120 குறிகள், கடிதமோ மூன்றே பக்கம். பல குறிகள் சில தடவைதான் தலைகாட்டும் என்பதால், எண்ணிக்கையிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. எத்தனை அழகான சூழ்ச்சி!

எல்லாச் சேர்க்கைகளையும் கணினியில் போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். செசில் பியெரோவும் சக கணினி ஆய்வாளர்களும் குறிகளை இனம் இனமாகப் பிரித்துச் சோதித்தார்கள். பூட்டு திறந்தது வரலாற்றாய்வாளர் கமில் தெசான்க்ளோ வந்த பிறகுதான். பெசன்சோன் நகரில் இருந்த சென்-மோரியின் இன்னொரு சங்கேதக் கடிதத்தை அவர் கண்டெடுத்தார். அதன் ஓரத்தில் அந்தக் காலத்தவர் ஒருவர் பொருளை எழுதி வைத்திருந்தார்.

உள்ளே இருந்தது ஒரு பேரரசரின் பதற்றம். ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் இளவரசர்களோடு போர் நடக்கிறது. பிரான்சும் சேர்ந்துகொண்டால் தாங்காது. ஜனவரியில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இறந்துவிட்டதால் கணக்குகளே மாறிவிட்டன. எனவே பிரெஞ்சு அரசரோடு சமாதானம் நீடித்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில், இத்தாலியப் படைத்தலைவர் பியெத்ரோ ஸ்ட்ரோஸி சார்லஸைக் கொல்லத் திட்டமிடுவதாக ஒரு வதந்தி. அது உண்மையா என்று விசாரிக்கும்படி தூதரிடம் சார்லஸ் சொல்கிறார்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணம் எதற்கு என்பவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. கணிதக்காரரும் வரலாற்றுக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் இந்தக் கடிதம் வாய் திறந்தது. அப்படி உட்கார வைக்கப் பணம் வேண்டும், பல மாதப் பொறுமையும் வேண்டும். சார்லஸும் சென்-மோரியும் எழுதிக்கொண்ட மற்ற சங்கேதக் கடிதங்களைப் படிக்கவும் இனி வழி பிறந்திருக்கிறது.