டிரான்சாக்ஷன்: பரிவர்த்தனை என்றால் போதுமா?

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பியிடம், கல்லூரி விடுதியில் அறை ஒதுக்கும் மென்பொருளைக் கொடுத்திருந்தோம். ஜாவா நிரல்மொழியில், ஸ்பிரிங் என்ற ஆயத்தக் கட்டமைப்பில் எழுதியது. அவர் எழுதிய நிரலைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, "ஒதுக்குற மெத்தட் மேல டிரான்சாக்ஷனல் போடலையா தம்பி?" என்று கேட்டேன். (மெத்தட் என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு; டிரான்சாக்ஷனல் அதன் தலையில் போடும் குறிப்பு.)

"இதுல பணமே இல்லையேண்ணா. பரிவர்த்தனை எங்க இருக்கு?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏ.டி.எம். திரையிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் படித்துப் படித்து, பரிவர்த்தனை என்றாலே ரூபாய் நோட்டு கண்முன் வந்து நிற்கிறது. தரவுதளக்காரர்கள் சொல்லும் டிரான்சாக்ஷனுக்கோ பணம் வேண்டியதே இல்லை. எதையும் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதும் இல்லை. பல மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, நடந்தால் எல்லாம் நடக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கட்டும் என்று தரவுதளத்திடம் சொல்வதுதான் அது.

விடுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவருக்கு இடம் கொடுக்க இரண்டு வேலை நடக்க வேண்டும். 214ஆம் அறையில் காலிக் கட்டில் இரண்டு என்றிருப்பதை ஒன்றாக்க வேண்டும். மாணவர் பெயருக்கு நேரே 214 என்று எழுத வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் சர்வர் படுத்துவிட்டால்? கணக்கில் கட்டில் நிரம்பிவிட்டது, படுக்க ஆள் இல்லை. கல்யாண வீட்டில் கவர் பைக்குள் போய்விட்டு, மொய் நோட்டில் பேர் ஏறாமல் போவதைப் போல. அந்தச் சண்டை எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியும்தானே.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது லத்தீனிலிருந்து வந்தது. டிரான்ஸ் என்றால் ஊடாக, குறுக்கே. அகெரே என்றால் ஓட்டு, செலுத்து, செய். இரண்டும் சேர்ந்த டிரான்சிகெரே, ஒரு காரியத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டிச் சென்று முடிப்பதைக் குறித்தது. ரோமானியச் சட்டத்தில் டிரான்சாக்டியோ என்பது, வழக்காடும் இரு தரப்பும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளும் உடன்பாடு. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 2044ஆம் பிரிவில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான். லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய அறிவியல் இதழுக்கு 'பிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' என்று பெயர். அதிலும் காசு இல்லை. அறிஞர்கள் செய்த காரியங்கள்தான் இருந்தன. ஆக, வேரில் இருப்பது செய்து முடித்தல். வியாபாரம் அதில் கிளைத்த ஒரு கிளை.

தரவுதளத் துறையில் இந்தக் கருத்தைச் செதுக்கிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. டேண்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்தபோது 1981இல் அவர் எழுதிய கட்டுரை, டிரான்சாக்ஷன் என்னும் கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்றே ஆரம்பிக்கிறது. அதற்கு அவர் காட்டும் உதாரணம் வங்கி இல்லை, கிறிஸ்தவத் திருமணம். பாதிரியார் முதலில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். பிறகு மணமகளையும் மணமகனையும் சம்மதமா என்று கேட்கிறார். இருவரும் ஆம் என்றால்தான் கணவன் மனைவி என்று அறிவிக்கிறார். ஒருவர் மட்டும் கணவனாகி, மற்றவர் மனைவியாகாமல் நிற்கும் நிலை கிடையாது. கிரேவுக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

அந்தக் கட்டுரையில் அவர் சொன்ன பண்புகள் மூன்று: பிளவுபடாமை, முரண்படாமை, நிலைத்தல். 1983இல் ஜெர்மானியர்கள் தியோ ஹேர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் தனித்திருத்தலையும் (ஒரே நேரத்தில் நடப்பவை ஒன்றையொன்று கலைக்காமல் இருப்பது) சேர்த்து, நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'ஆசிட்' என்று பெயர் வைத்தார்கள். பிளவுபடாமையைச் சிலர் அணுத்தன்மை என்று எழுதுகிறார்கள். அணுவைப் பிளந்து குண்டு போட்ட பிறகு அந்தப் பெயர் எனக்கு ஒட்டவில்லை.

இனி தமிழ்ச் சொற்கள். முதலில் பரிவர்த்தனை. வடமொழி வேர், பரி என்றால் சுற்றி, வர்த்தனம் என்றால் திரும்புதல். சுற்றித் திரும்புவது, கைமாறுவது. தமிழில் இதற்கு நீண்ட வாழ்வு உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் பரிவருத்தனை ஒன்று; ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொள்வதாகப் பாடுவது. வங்கிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டது சரியே. ஆனால் அந்த அணியின் இலக்கணமே நமக்கு இடைஞ்சல். விடுதி அறை ஒதுக்குவதில் யார் எதைக் கொடுத்து எதைக் கொண்டார்கள்?

பரிமாற்றம் இன்னும் மோசம். தரவுப் பரிமாற்றம் என்றால் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போவது என்று ஊரே புரிந்துகொள்கிறது. அதே சொல்லை இதற்கும் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். இலங்கைப் பாடநூல்களில் வரும் கொடுக்கல் வாங்கல் காதுக்கு இனிமையான சொல், கணக்கியலுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும் வாசனை அதை விட்டுப் போகாது. தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடத்தில் நடவடிக்கை என்பார்கள். ஓல்டன்பர்க் இதழின் பெயருக்கு அது கச்சிதம். தரவுதளத்துக்கு வைத்தால் போலீஸ் வந்துவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஊடுசெயல் என்றால், அது என்ன என்று விளக்க இன்னொரு கட்டுரை எழுத வேண்டும்.

ரோமானியப் பொருளுக்கு மிக அருகில் நிற்பது என் பாட்டி தினமும் சொன்ன பைசல். "அந்தக் கடனை இன்னைக்கே பைசல் பண்ணிடு." தீர்த்துவிடு, பாக்கி வைக்காதே என்று அர்த்தம். அரபியிலிருந்து கச்சேரி, அதாவது அந்தக் கால நீதிமன்றம், வழியாக நம் வீட்டுக்குள் வந்த சொல். பொருளில் குறையே இல்லை. ஆனால் 'பைசல் செய்யப்பட்ட மெத்தட்' என்று எழுத எனக்கே கை வரவில்லை.

அப்புறம்தான் பள்ளி இலக்கணம் நினைவுக்கு வந்தது. முற்றும் எச்சமும். 'வந்தான்' முற்று. 'வந்து' என்றால் எச்சம். வந்து என்ன செய்தான் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். டிரான்சாக்ஷன் கேட்பதும் இதுதான்: முற்றாக முடி, இல்லையென்றால் ஆரம்பிக்காதது போல் இரு, எச்சமாக மட்டும் நிற்காதே. எனவே தரவுதளத்துக்கு நான் முற்றுச்செயல் என்று எழுதுகிறேன். மாற்றங்களை உறுதியாக்கும் கமிட் என்பதற்கு முற்றாக்கல். எல்லாவற்றையும் விலக்கிக்கொள்ளும் ரோல்பேக் என்பதற்குப் பழையபடியாக்கல். பழைய குருடி கதவைத் திறடி என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. வங்கிச் செயலியின் திரையில் பரிவர்த்தனையே இருக்கட்டும், அங்கே அதை மாற்றச் சொல்ல நான் யார்.

இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கின் அமைப்புகளைப் படித்தால் பல விஷயம் தானாக விளங்கும். மெத்தட் தலையில் டிரான்சாக்ஷனல் என்ற குறிப்பைப் போட்டால், உள்ளே நுழையும்போது முற்றுச்செயல் திறக்கும், ஒழுங்காக வெளியே வந்தால் முற்றாகும். ஒரு முற்றுச்செயலுக்குள் இன்னொரு மெத்தட்டை அழைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது புரோபகேஷன் என்ற அமைப்பு. அதற்கு ஏழு மதிப்புகள் உண்டு. நாமாக ஒன்றும் சொல்லாவிட்டால் ரிக்வயர்ட்: ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் அதிலேயே சேர்ந்துகொள், இல்லாவிட்டால் புதிதாகத் திற. சேர்ந்துகொண்டவர் தனியாக முடிவெடுக்க முடியாது என்பதை இங்கே மறந்துவிடுகிறார்கள். உள்ளே போன மெத்தட் பிழை எறிந்து, வெளியில் இருப்பவர் அதைப் பிடித்து விழுங்கிவிட்டாலும், கடைசியில் முற்றாக்கப் போகும்போது ஸ்பிரிங் மறுத்துவிடும். உள்ளே இருந்தவர் ஏற்கெனவே 'இது பழையபடி ஆகட்டும்' என்று குறி வைத்துவிட்டுப் போயிருப்பார். தனியாகவே நடக்க வேண்டியது ஏதாவது இருந்தால், உதாரணமாக யார் எப்போது முயன்றார் என்ற பதிவேடு, அதற்கு ரிக்வயர்ஸ் நியூ. அது வெளியிலிருப்பதை நிறுத்திவைத்துவிட்டு இன்னொரு தரவுதள இணைப்பைக் கேட்கும். இணைப்புகள் பத்துதான் இருந்து, பத்துப் பேரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்து நின்றால், யாருமே நகர மாட்டார்கள்.

தம்பியின் மென்பொருளில் எங்களைக் கடித்தது வேறொன்று. குறிப்பைப் போட்ட பிறகும் ஆள் இல்லாத கட்டில்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில், 'கட்டணம் பாக்கி' என்று அவர் தானே ஒரு பிழை வகை உருவாக்கியிருந்தார்; பிடி, இல்லாவிட்டால் எறியப்போவதாக அறிவி என்று ஜாவா வற்புறுத்தும் செக்டு எக்செப்ஷன் என்பார்களே, அந்த வகை. கட்டிலைக் குறைத்த பிறகு பாக்கியைப் பார்த்து அந்தப் பிழையை எறிந்தார். ஸ்பிரிங்கின் இயல்பு என்னவென்றால், அப்படி வற்புறுத்தப்படாத ரன்டைம் எக்செப்ஷனும் எர்ரரும் வந்தால்தான் பழையபடியாக்கும். செக்டு வகை வந்தால், இது எதிர்பார்த்த பதில்தானே என்று முற்றாக்கிவிடும். ஜாவாவின் பழைய கட்டமைப்பான இ.ஜே.பி. காலத்து வழக்கம் அப்படியே தொடர்கிறது. ரோல்பேக்ஃபார் என்று அந்த வகையைக் குறிப்பில் சொல்லிக் கொடுத்ததும் கட்டில்கள் அடங்கின. ஸ்பிரிங்கின் 6.2ஆம் பதிப்பிலிருந்து, எந்தப் பிழை வந்தாலும் பழையபடியாக்கு என்று மொத்தமாக ஒரே இடத்தில் சொல்லவும் வழி வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் போட்டுவிட்டே ஆரம்பிக்கலாம் என்பது என் கட்சி.

இன்னொரு பொறி. ஒரே கிளாசுக்குள், அதாவது ஒரே நிரல் தொகுப்புக்குள், ஒரு மெத்தட் இன்னொன்றை நேரடியாக அழைத்தால் குறிப்பு வேலையே செய்யாது. ஸ்பிரிங் வாசலில் ஒரு பிராக்ஸியை, அதாவது இடையாளை, உட்காரவைத்துத்தான் இதையெல்லாம் செய்கிறது. வீட்டுக்குள்ளேயே அறை விட்டு அறை போகிறவரை வாசல்காரர் எப்படிப் பார்ப்பார்?

ஐசொலேஷனை, அதாவது தனித்திருத்தலை, ஸ்பிரிங் தானாக முடிவு செய்வதில்லை. தரவுதளத்தின் இயல்புக்கே விட்டுவிடுகிறது. போஸ்ட்கிரஸ் தரவுதளத்தில் அது ரீட் கமிட்டட், முற்றானதை மட்டும் படிப்பது; மைஎஸ்கியூஎல் தரவுதளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட், முதலில் படித்ததே திரும்பவும் தெரிவது. இரண்டு வார்டன்கள் ஒரே நொடியில் கடைசிக் கட்டிலைப் பார்த்து, இருவரும் 'ஒன்று இருக்கிறது' என்று படித்து, இருவரும் அதைக் கொடுத்துவிட்டால், பிளவுபடாமை மட்டும் காப்பாற்றாது. படிக்கும்போதே அட்டவணையில் அந்த அறையின் வரியைப் பூட்ட வேண்டும், அல்லது காலிக் கட்டில் இருந்தால் மட்டும் குறை என்று ஒரே கட்டளையாக எழுத வேண்டும்.

மாணவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதை முற்றுச்செயலுக்குள் வைக்கக் கூடாது. செய்தபின் திருப்ப முடியாத செயல்கள் என்று கிரே 1981லேயே ஒரு வகையைத் தனியாகப் பிரித்து வைத்தார், எஸ்.எம்.எஸ். அந்த வகை. முற்றான செய்தியைக் கேட்டு, அதன் பிறகு மட்டும் ஓடும் கேட்பான் (லிசனர்) ஸ்பிரிங்கில் 4.2ஆம் பதிப்பு முதல் இருக்கிறது, அதில் போய் உட்காரவேண்டியது அது.

முற்றுச்செயல் என்ற சொல்லை எங்கள் குழு ஆவணத்தில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஒரே ஒரு ஆட்சேபம்தான் வந்தது, அதுவும் அந்தத் தம்பியிடமிருந்து. "அண்ணா, போன்ல 'முத்திடுச்சா'னு கேட்டேன், பக்கத்து சீட்டு அக்கா யாருக்குப் பைத்தியம்னு கேக்குறாங்க."