குரூஸ் பயணத்தை ரத்து செய்யலாமா? பிரிட்டன் விதிகள் சொல்வது

2023 டிசம்பர் கடைசி வாரத்தில் லண்டனில் இருக்கும் என் மாமி அவசரப்பட்டுவிட்டார். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி அவர் ஒரு குரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம் பதிவு செய்திருந்தார். துபாயில் ஏறி, ஓமான், செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்கு வரும் பயணம். ஏப்ரல் கடைசியில் புறப்பாடு. இருவருக்கும் சேர்த்து 4,000 பவுண்ட். அதில் 600 பவுண்ட் முன்பணம் கட்டியாயிற்று. இதற்கிடையே நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றினார்கள். டிசம்பரில் தாக்குதல்கள் பெருகின. பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின.

மாமிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு காலையில் எழுந்து, இணையத்தில் ரத்துப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். காரணம் கேட்ட கட்டத்தில் 'குடும்பக் காரணம்' என்று எழுதினார். போர், கீர் என்று எழுதினால் வம்பாகிவிடுமோ என்ற தயக்கம். முன்பணம் போயிற்று. மூன்றே வாரத்தில் அந்தப் பயணத்தை நிறுவனமே ரத்து செய்தது. அதே கப்பலில் பதிவு செய்திருந்த மாமியின் தோழிக்குக் கட்டிய பணம் முழுவதும் திரும்பி வந்தது.

இருவருக்கும் ஒரே கப்பல், ஒரே ஆபத்து. வித்தியாசம் யார் முதலில் ரத்து செய்தார்கள் என்பதில் மட்டுமே இருந்தது. பிரிட்டனில் இதைத் தீர்மானிப்பது 2018ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகள். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி எழுதப்பட்டவை. பிரெக்சிட்டுக்குப் பிறகும் தொடர்கின்றன.

குரூஸ் இந்த விதிகளுக்குள் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். பயணமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கப்பட்டால் அது பேக்கேஜ். இரவுப் படகில் படுக்கை கொடுத்தால் அது வெறும் பயணம்தான், குரூஸ் அப்படியல்ல. இதற்கு ஒரு வேடிக்கையான முன்னோடி வழக்கு உண்டு. ஆஸ்திரியாக்காரர் ஒருவர் இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து தூரக்கிழக்குக்குச் சரக்குக் கப்பலில் பயணம் பதிவு செய்தார். போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் சொன்ன நீச்சல் குளம் இல்லை, உடற்பயிற்சி அறை இல்லை. ஏற மாட்டேன் என்று திரும்பிவிட்டார். பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. மீதியைக் கேட்டு வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், சரக்குக் கப்பல் பயணம்கூட பேக்கேஜ் கணக்கில் வரலாம் என்று 2010 டிசம்பரில் தீர்ப்பானது. அப்படியிருக்க, பன்னிரண்டு மாடி உல்லாசக் கப்பலைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் விமான டிக்கெட்டைத் தனியாக வேறு தளத்தில் வாங்கியிருந்தால் அது இந்தக் குடைக்குள் வராது. கப்பல் பயணம் ரத்தாகிப் பணம் முழுவதும் திரும்பி வந்தாலும், கப்பல் ஏறும் ஊருக்கு நீங்கள் தனியாக வாங்கிய டிக்கெட் உங்கள் தலையில்தான். விமானம் பறக்கும்போது நீங்கள் ஏறாமல் இருந்தால் டிக்கெட் விலையை எதிர்பார்க்காதீர்கள்; விமானப் பயணி வரியை மட்டும் கேட்டு வாங்கலாம். அதிலும் நிர்வாகக் கட்டணம் என்று ஒரு பிடித்தம் இருக்கக்கூடும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இணையத்தில் வாங்கிய எதையும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம் என்ற உரிமை பேக்கேஜ் பயணத்துக்குக் கிடையாது. இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்து காலை ஏழு மணிக்கு மனம் மாறினாலும் ரத்துக் கட்டணம் உண்டு.

நீங்களாகவே ரத்து செய்தால்

பயணம் தொடங்குவதற்கு முன் எந்த நாளிலும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள விதிகள் உங்களுக்கு உரிமை தருகின்றன. அதற்கு நிறுவனம் கட்டணம் கேட்கலாம். அந்தக் கட்டணம் நியாயமானதாக, காரணம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனை நாள் முன்பு ரத்து செய்கிறீர்கள், அந்த கேபினை வேறொருவருக்கு விற்க வாய்ப்பு எவ்வளவு, அவர்களுக்கு என்ன செலவு மிச்சமாகிறது என்பதைப் பொறுத்து படிப்படியாக நிர்ணயிக்கலாம். கட்டணம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டால் அவர்கள் விளக்கம் தர வேண்டும். பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

நடைமுறையில் இந்தப் படிகள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணையாக இருக்கும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்; உங்கள் ஒப்பந்தத்தில் எண்கள் வேறாக இருக்கும். பயண விலை 4,000 பவுண்ட். புறப்பாட்டுக்கு 90 நாள் வரை ரத்து செய்தால் முன்பணம் 600 போகும். 89ஆம் நாள் முதல் 57ஆம் நாள் வரை 40 சதவீதம், அதாவது 1,600. 56 முதல் 29 வரை 70 சதவீதம், அதாவது 2,800. அதற்குப் பிறகு எல்லாமே போகும்.

இந்த அட்டவணையை நிதானமாகப் பாருங்கள். 200ஆம் நாளில் ரத்து செய்தாலும் 600தான், 91ஆம் நாளில் ரத்து செய்தாலும் 600தான். 88ஆம் நாளும் 58ஆம் நாளும் ஒன்றே. ஒரு படிக்குள் காத்திருப்பதற்குச் செலவே இல்லை. அந்த நாட்களில் போர் நிற்கலாம், புயல் திசை மாறலாம், நிறுவனமே கைவிடலாம். எனவே முடிவெடுக்க வேண்டிய நாள் செய்தி வந்த நாள் அல்ல. அடுத்த படி ஏறுவதற்கு முந்தைய நாள். அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாமிக்கு முன்பணப் படி முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதைக் காத்திருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது கொஞ்சம் தூக்கம் மட்டுமே.

மீதிப் பணம் கட்டும் தேதிதான் உண்மையான சிக்கல். பணத்தைக் கட்டாமல் பேசாமல் இருந்தால் அவர்களாக ரத்து செய்வார்கள், முழுப் பணமும் வரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வராது. மீதியைக் கட்டாவிட்டால் நீங்கள் ரத்து செய்ததாகவே ஒப்பந்தங்கள் கருதுகின்றன; முன்பணம் போகும். கட்டிவிட்டால் அடுத்த படிக்குள் வந்துவிடுகிறீர்கள். எந்த விதியும் இந்த இடத்தில் உங்களுக்காக முடிவெடுக்காது. 600ஐ இப்போது விடுவதா, 1,600ஐப் பணயம் வைப்பதா என்பது உங்கள் மடியின் கனத்தைப் பொறுத்தது. ரத்துக்குப் பதிலாகத் தேதியை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பீர்களா என்று நிறுவனத்திடம் கேட்க ஏற்ற நேரமும் இதுதான்.

உங்களால் மட்டும்தான் போக முடியவில்லை என்றால் பலரும் மறந்துவிடும் ஓர் உரிமை இருக்கிறது. புறப்பாட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு தெரிவித்தால் உங்கள் இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். நிறுவனம் உண்மையில் ஆகும் செலவை மட்டுமே கேட்க வேண்டும். ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்து அவரிடம் பணத்தை வாங்கிக்கொள்வது 70 சதவீதத்தை இழப்பதைவிட மேல்.

கட்டணமே இல்லாமல் விலகும் வழி

பயணத்தின் இலக்கிலோ அதன் உடனடி சுற்றுப்புறத்திலோ தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை ஏற்பட்டு, அது பயணத்தைக் கணிசமாகப் பாதித்தால், நீங்கள் ஒரு காசும் இழக்காமல் விலகலாம். போர், பயங்கரவாதம், கடுமையான தொற்றுநோய், வெள்ளம், நிலநடுக்கம், பாதுகாப்பாகப் பயணம் செய்ய முடியாத வானிலை ஆகியவற்றை மூல ஐரோப்பிய ஆணை உதாரணமாகச் சொல்கிறது. பயம் அந்தப் பட்டியலில் இல்லை. பத்துத் துறைமுகங்களில் ஒன்றில் மட்டும் பிரச்சினை என்றால் 'கணிசமாக' என்பதை நிரூபிப்பதும் கடினம்.

நடைமுறையில் எல்லோரும் பார்ப்பது பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்தின் பயண அறிவுரையை. அதில் இரண்டு படிகள்: எந்தப் பயணமும் வேண்டாம் என்பது ஒன்று, அத்தியாவசியமானால் மட்டும் போகலாம் என்பது மற்றது. விதிகளின் வாசகத்தில் அந்த அலுவலகத்தின் பெயரே இல்லை. ஆனாலும் அறிவுரை வந்துவிட்டால் நிறுவனங்கள் அதிகம் வாதாடுவதில்லை. வராவிட்டால் உங்களிடம் வாதமே இல்லை என்றும் ஆகாது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் லித்துவேனியாவிலிருந்து வந்த வழக்கில், அரசு எச்சரிக்கை கட்டாயமில்லை, வேறு ஆதாரங்களாலும் சூழ்நிலையைக் காட்டலாம் என்று கூறியது.

ஆனால் அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு நம் கையைக் கட்டுகிறது. ஜெர்மன் பயணி ஒருவர் 2020 ஏப்ரலில் ஜப்பான் போகப் பதிவு செய்து, கொரோனா பரவுவதைக் கண்டு மார்ச் 1 அன்று ரத்து செய்தார். பயண விலையில் 25 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 26 அன்று ஜப்பான் கதவை மூடிவிட்டது. பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாயிற்று என்று அவர் பணத்தைக் கேட்டார். ரத்து செய்த நாளின் நிலவரத்தை மட்டுமே பார்க்க வேண்டும், பின்னால் நடந்தது கணக்கில் வராது என்றது நீதிமன்றம். அந்த நாளில், நியாயமாக யோசிக்கும் ஒரு பயணிக்கு ஆபத்து கண்முன் தெரிந்ததா என்பதே கேள்வி. பிரெக்சிட்டுக்குப் பிந்தைய தீர்ப்பு என்பதால் இது பிரிட்டன் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர்கள் இதைக் கருத்தில் எடுத்துக்கொள்ளலாம், நிறுவனத்தின் வக்கீல் நிச்சயம் மேற்கோள் காட்டுவார்.

நம்மவர்களுக்கு நினைவிருக்கும் ஓர் எதிர்ப்பக்க உதாரணம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இலங்கைக்கு அத்தியாவசியமற்ற பயணம் வேண்டாம் என்று வெளியுறவு அலுவலகம் அறிவுறுத்தியது. ஜூன் தொடக்கத்தில் அதை விலக்கிக்கொண்டது. மே மாதப் பயணத்தை ரத்து செய்தவர் வலுவான நிலையில் இருந்தார். ஆகஸ்ட் பயணத்தை மே மாதமே ரத்து செய்தவரிடம், 'ஆகஸ்டில் ஒன்றும் இருக்காதே' என்று நிறுவனம் கேட்டிருக்க முடியும். புறப்பாடு தொலைவில் இருக்கும்போது அசாதாரணச் சூழ்நிலையைக் காட்டுவது கடினம்.

நிறுவனம் ரத்து செய்தாலோ வழியை மாற்றினாலோ

நிறுவனம் ரத்து செய்தால் கட்டிய பணம் முழுவதும், எந்தப் பிடித்தமும் இல்லாமல், 14 நாளுக்குள் வர வேண்டும். வவுச்சர் தருகிறோம் என்பார்கள். விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், பணமாகத்தான் வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் அசாதாரணச் சூழ்நிலையாக இல்லாவிட்டால், உதாரணமாக கேபின்களை வேறு வியாபாரத்துக்கு விட்டுவிட்டார்கள் என்றால், இழப்பீடும் கேட்கலாம்.

ரத்தைவிட அடிக்கடி நடப்பது வழிமாற்றம். துறைமுகங்களை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று எல்லாக் குரூஸ் ஒப்பந்தங்களிலும் ஒரு வரி இருக்கும். சிறிய மாற்றத்துக்கு அது செல்லும். பயணத்தின் முக்கிய அம்சமே கணிசமாக மாறினால், அதை ஏற்பதா, கட்டணமின்றி விலகி முழுப் பணம் பெறுவதா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சூயஸ் கால்வாயைப் பார்க்கப் பணம் கட்டியவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி அழைத்துப்போவது என் கணக்கில் வேறு பயணம். ஒரு தீவுக்குப் பதிலாக அடுத்த தீவு என்றால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மாற்றக் கடிதம் வந்தால் அதில் பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும்; அதைத் தவறவிடாதீர்கள். விலை உயர்வுக்கும் வரம்பு உண்டு: 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணமின்றி விலகலாம்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: பதிவு செய்த அன்றே வாங்குங்கள். செய்தி வந்த பிறகு வாங்கினால் 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' என்று கைவிரிப்பார்கள். போக மனமில்லை என்பதற்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையான விலைக்கு கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், நிறுவனம் ஒப்பந்தத்தை மீறும்போது 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு வங்கியிடமே கேட்கலாம். உங்கள் மனமாற்றத்துக்கு அந்தப் பிரிவு உதவாது.

பணம் தர மறுத்தால் முதலில் எழுத்தில் புகார், பிறகு நிறுவனம் உறுப்பினராக இருக்கும் பயணச் சங்கத்தின் சமரசத் திட்டம். அதுவும் பலிக்காவிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்.

ரத்துக் கடிதம் எழுத நேர்ந்தால் காரணத்தை மறைக்காதீர்கள். தேதியைப் போடுங்கள். அன்றைய பயண அறிவுரைப் பக்கத்தையும் செய்திகளையும் அச்செடுத்து இணையுங்கள். தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை காரணமாக 2018ஆம் ஆண்டு விதிகளின் 12ஆம் விதிப்படி கட்டணமின்றி விலகுகிறேன் என்று எழுதுங்கள். அது முடியாது என்றால் எந்தக் கணக்கில் கட்டணம் பிடிக்கிறீர்கள் என்று விளக்கம் கேளுங்கள்.

மாமியும் பிற்பாடு அப்படி ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். அவருடைய படிவத்தின் நகலையே நிறுவனம் பதிலுக்கு அனுப்பியது. 'குடும்பக் காரணம்' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.