பழங்குடி: சொல்லும் பொருளும்

பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மழைக்காட்டைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் செயல்வழிப் பாடம். உதவிக்காகப் போயிருந்தேன். ஒரு சிறுமி மரப்பட்டையை வளைத்துப் பொந்து செய்து, அதன் வாயைக் களிமண்ணால் பூசிக்கொண்டிருந்தாள். நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்தாள். இருவாச்சியின் கூடு அப்படித்தான் இருக்கும். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்; ஆண் பறவை அந்தப் பிளவு வழியாக அத்திப்பழம் ஊட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. அதில் அவள் எழுதியிருந்தாள்: "பழங்குடியினர் – பழங்காலத்தில் காட்டில் வாழ்ந்தவர்கள்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் முன்பாதி அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. பழமை என்றாலே முடிந்துபோனது என்று நாமும்தானே நினைக்கிறோம்?

பழமையும் குடியும் சேர்ந்தது பழங்குடி. திருக்குறளிலேயே இச்சொல் இருக்கிறது: "வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று" (955). கொடுப்பதற்குக் கையில் பொருள் சுருங்கினாலும் பழங்குடியில் பிறந்தவர் தம் பண்பிலிருந்து விலக மாட்டார். இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், தொன்றுதொட்டு மேம்பட்டு வரும் குடிக்குச் சேர, சோழ, பாண்டியரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். மூவேந்தரைக் குறித்த சொல் இது! அறுபடாமல் இன்றுவரை வந்துகொண்டிருப்பதுதான் அதன் உயிர்ப்பொருள். பின்தங்கியவர் என்ற நிழல் பிற்காலத்தில் படிந்தது.

இப்போது அரசியல் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி பட்டியலிடப்பட்ட சமூகங்களைக் குறிக்கப் 'பழங்குடியினர்' வழங்குகிறது. 'ஆதிவாசி' வடசொல், ஆதியிலிருந்து வசிப்பவர் என்று பொருள். 1938இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை உருவானபோது அது உரிமைக் குரலாகவே ஒலித்தது. 'மலைவாழ் மக்கள்' என்பதை நான் தவிர்க்கிறேன். செங்கல்பட்டுச் சமவெளியில் வாழும் இருளருக்கு அது எப்படிப் பொருந்தும்? உலக அளவில் பேசும்போது வழங்கும் 'இண்டிஜினஸ்' லத்தீனிலிருந்து வந்தது; அந்த மண்ணிலேயே பிறந்தவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஐ.நா. 2007இல் வெளியிட்ட உரிமைப் பிரகடனம் பேசுவது இவர்களைப் பற்றித்தான். தமிழில் இதற்குத் 'தொல்குடி' நன்றாகப் பொருந்துகிறது. சட்டத்தைப் பேசும் இடத்தில் பழங்குடி, மண்ணோடுள்ள பிணைப்பைப் பேசும் இடத்தில் தொல்குடி என்று நான் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட மக்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பொதுச்சொற்கள் எவையும் வேண்டாம். அவர்கள் பெயரைச் சொன்னால் போதும். அமேசான் காட்டின் யானோமாமிகளுக்கு அவர்கள் மொழியில் அப்பெயரின் பொருள் 'மனிதர்'. ஆனைமலைக் காடர் பெயரிலேயே காடு இருக்கிறது. முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர் ஆகியோரும் அதே மலையில் வாழ்கிறார்கள். ஆயர், வேட்டுவர் என்று நிலத்தை ஒட்டி மக்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தொல்காப்பியருக்குத் தெரிந்திருந்தது.

சிறுமியின் அருகில் உட்கார்ந்து காடரைப் பற்றிச் சொன்னேன். ஒருகாலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்தவர்களில் காடரும் உண்டு. இன்று கேரளத்தின் வாழச்சால் காட்டில் அதே சமூகத்தினர் மரம் மரமாகப் போய்க் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். "இப்போதுமா?" என்று கேட்டாள். இப்போதும்தான் என்றேன். அட்டையைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தில் எழுதினாள்: "காடர். இந்தக் கூட்டைக் காக்கிறார்கள்."